கேட்ட பொருளை மட்டும் எடுக்கும் கள்ளன்

அத்தியாயம் ஏழு

“அண்ணி, காலைத் தேடிக் காலையிலயே வந்துட்டோம். இப்ப மணி ரெண்டு. நம்ம கால் வலிச்சதுதான் மிச்சம்,” என்றான் விசில்.

மெய்ப்பாளர் சிரித்திலர். அவ்வறையில் சிரிக்கும் நிலையில் எவரும் இலர்.

பத்தொன்பது ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மெய்ப்புத் திருத்திவிட்டு, அதன் பின்னர்த் தனியார் துப்பறிவாளராக மாறியவர் அவர். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. அறிந்தோர் அனைவரும் அவரை மெய்ப்பாளர் என்றே அழைத்தனர். விசில் அவருடைய கணவரின் தம்பி. நாற்பத்திரண்டு வயது, முன்தலையில் முடி இல்லை. பதினாறு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து, பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையைப் பறிகொடுத்தவன். வேலை போயிற்று, கழுத்தில் தொங்கிய விசில் மட்டும் போகவில்லை.

இருவரும் நின்றிருந்த இடம், இரயில் நிலையத்தின் பின்புறத்தில் இருந்த காணாமற்போன பொருள் அலுவலகம். சாம்பல் நிறக் கவுண்டர். அதன்மேல் வட்டத் துளையிட்ட கண்ணாடி. கவுண்டருக்குப் பின்னால் பொருள்களை நகர்த்தும் ஒரு பெல்ட். அந்தப் பெல்ட்டின் இரு முனைகளிலும் சுவரைத் துளைத்து இரண்டு சிறு வாசல்கள் இருந்தன. இரண்டிலும் கறுப்பு இரப்பர்த் திரை தொங்கியது. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். எங்கும் கிருமிநாசினி மணம்.

சுவரோரப் பெஞ்சில் ஒரு தையற்காரப் பெண் அமர்ந்திருந்தார். அவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய கணவர். கணவரின் வலக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே மடித்து, அளவெடுத்துத் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையலில் ஓர் இழைகூடப் பிசகவில்லை.

“திரும்ப ஒருதடவை சொல்லும்மா,” என்றார் மெய்ப்பாளர்.

“முந்தாநாள் செயற்கைக் கால் செய்யற பட்டறையிலருந்து கால் வாங்கிட்டு ரயில்ல வந்தோம். ஒன்றரை வருஷம் காத்திருந்து செஞ்ச கால். நம்ம ஸ்டேஷன்ல வண்டி ஒரு நிமிஷம்தான் நிக்கும். நாற்காலிய இறக்கி, இவரை இறக்கி முடிக்கிறதுக்குள்ள வண்டி நகர்ந்துடுச்சு. பை மேல பலகையில. நான்தான் மறந்துட்டேன்.”

“அவ மறக்கல,” என்றார் கணவர். “என்னை இறக்கினா.”

தையற்காரப் பெண் தம் புடைவை ஓரத்து நூல் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நேற்றுக் காலையில் தொலைபேசியில் கேட்டபோது, கால் வந்துவிட்டது, உங்களுக்காக வைத்திருப்போம் என்று இங்கே கூறியிருக்கின்றனர். இன்று வந்தால் கால் இல்லை. மாலை நாலரை மணிக்குப் பேருந்து டிப்போ மருத்துவர் முன்னே கணவர் நடந்து காட்ட வேண்டும். முன்பு அதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். நேரக் காப்பாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. இன்றே கடைசி நாள். நடந்தால் வேலை, நடக்காவிட்டால் வேறொருவருக்கு.

மேலாளர் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தாம், ஆயினும் எதையும் முடிவு கட்டிவிட்டுத்தான் யோசிப்பவர்.

“எதுக்கும்மா இவ்வளவு விசாரணை? ஆளைப் பிடிச்சாச்சு. உள்ள உக்காத்தி வெச்சிருக்கேன். நாலு மணிக்குப் போலீஸ் வருது.”

“யாரை?”

“கிடங்குக்காரரை. எடுத்து வெக்கிற பொருளெல்லாம் பூட்டின தட்டுல இருக்கும். சாவி அவர் இடுப்புல மட்டும்தான். தட்டு காலி. இதுல துப்பறிய என்னங்க இருக்கு?”

“கால் எங்கன்னு சொன்னாரா?”

மேலாளர் தம் கோப்பைப் பார்த்தார். “அதைத்தான் சொல்ல மாட்டேங்கறார்.”

“கால் ஒண்ணுதானா, இதுக்கு முன்னாடியும் ஏதாவது போயிருக்கா?”

“மூணு மாசத்துல மொத்தம் அஞ்சு.” அவர் கோப்பைப் பிரித்து நீட்டினார். மெய்ப்பாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். பழக்கம் அவரை விடவில்லை.

பல் செட்டு ஒன்று. கை ஒடிந்த பொம்மை ஒன்று. இடக் கண்ணாடியில் கீறல் விழுந்த மூக்குக் கண்ணாடி. யாரோ கைப்பட எழுதிய சமையற் குறிப்பு நோட்டு. இப்பொழுது, ஒரு கால்.

விசில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “பல்லு, கண்ணு, கை, கால். அண்ணி, இந்தத் திருடன் ஆளே செய்யறான். சமைக்கறதுக்குக்கூட நோட்டு வெச்சிருக்கான்.”

“சும்மா இரு,” என்ற மெய்ப்பாளர், மேலாளரிடம் திரும்பினார். “விலை போற பொருள் எதுவும் இங்க இல்லையா?”

“ஏன் இல்லாம? தங்கச் சங்கிலி ஒண்ணு, ரெண்டு லேப்டாப், ஒரு கேமரா. ரெண்டு மாசமா கேக்க ஆளில்லாம கிடக்கு.”

“அது பத்திரமா இருக்கா?”

“இருக்கே.”

மெய்ப்பாளரின் பென்சில் நின்றது. அவர் ஐந்து வரிகளையும் மறுபடி படித்தார். பின்னர் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ஒரு சிறு புள்ளி வைத்தார்.

“விசில், இந்த அஞ்சுக்கும் பொதுவா என்ன இருக்கு?”

“ஒண்ணும் விக்காது.”

“அது இல்லாதது. இருக்கறதைச் சொல்லு.”

விசில் கடைசிக் கட்டத்தைப் படித்தான். அவனுடைய குரலில் இருந்த கேலி சிறிது குறைந்தது. “அஞ்சையும் கேட்டு யாரோ போன் பண்ணியிருக்காங்க.”

“தங்கச் சங்கிலிய யாரும் கேக்கல. அது இருக்கு. பல் செட்டை ஒருத்தர் கேட்டார். அது போயிடுச்சு. யாராவது கேட்டா மட்டும் திருடுறவன் என்ன மாதிரித் திருடன்?”

“என் பெரியப்பா மாதிரி,” என்றான் விசில். “கேக்கற வரைக்கும் குடை அலமாரியில இருக்கும். கேட்டா காணாமப் போயிடும்.”

மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. “கேட்ட பொருள் எதுன்னு கிடங்குக்காரருக்குத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.”

“எப்படித் தெரியும்? போன் உங்க மேசையிலதானே?”

“நான் போனை வெச்சதும் பொருளைப் பெல்ட்டுல வெச்சு, சரிங்ககிட்ட சொல்லுவேன். எந்தப் பக்கம் அனுப்பணும்னு அது பார்த்துக்கும்.”

சரிங்க என்பது ஒரு மனிதரின் பெயர் அன்று. மூன்று மாதங்களுக்கு முன் அவ்வலுவலகத்தில் வைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட் அது. அதற்குப் பதினொரு கருவிகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். கவுண்டரில் எவராவது ஏதேனும் கூறினால், அந்த விளக்கங்களைப் படித்து, பொருத்தமான கருவியைத் தானே தேர்ந்து இயக்கும். பெல்ட்டை ஓட்டுவதும் அதுவே, பதிவேட்டில் எழுதுவதும் அதுவே. எது கூறினாலும் முதலில் “சரிங்க” என்று விடை இறுப்பதால் அந்தப் பெயர் வந்தது.

மெய்ப்பாளர் கண்ணாடித் துளையின் அருகே குனிந்தார். துப்பறியும் தொழிலுக்கு வந்தது முதல் இப்படியொரு சாட்சியை அவர் விசாரித்ததில்லை.

“நேத்து செயற்கைக் கால் ஒண்ணைக் கேட்டு போன் வந்துச்சா?”

“வந்தது. காலை ஒன்பது பதினேழு. உரியவர் நாளை வருவார், அவருக்கு ஒதுக்கி வை என்று மேலாளர் சொன்னார். ஒதுக்கிவிட்டேன்.”

“எங்க வெச்ச?”

“‘ஒதுக்கு’ என்னும் கருவியை இயக்கினேன். முடிந்தது என்று பதில் வந்தது.”

“எங்க வெச்சன்னு கேட்டேன்.”

“அந்தக் கருவியின் விளக்கத்தில் ‘பொருளை ஒதுக்கும்’ என்று மட்டும் இருக்கிறது. இடம் சொல்லப்படவில்லை.”

“உனக்குச் சந்தேகம் வரலையா?”

“அவர் சொன்ன சொல்லும் கருவியின் பெயரும் ஒன்றாக இருந்தன. ஐயம் எழவில்லை.”

“பொய் சொல்லல அண்ணி,” என்றான் விசில் தணிந்த குரலில். “பொய் சொல்றவன் இவ்வளவு குறைச்சலாப் பேச மாட்டான்.”

“பூட்டின தட்டுலருந்து கிடங்குக்காரர் எடுத்தார்னா, முதல்ல அது தட்டுக்குள்ள போயிருக்கணும். போனதைப் பார்த்தவங்க யாரு?” என்று கேட்ட மெய்ப்பாளர், மேலாளரின் விடைக்குக் காத்திராமல் கையை நீட்டினார். “பதிவேட்டையும் அந்தப் பதினோரு விளக்கத்தையும் அச்செடுத்துக் குடுங்க. இதை அவர்கிட்ட காட்டினீங்களா?”

“குத்தவாளிகிட்ட சாட்சியத்தைக் காட்டுவாங்களா? போலீஸ்கிட்டதான் குடுக்கணும்.”

மெய்ப்பாளர் அவரை ஒரு கணம் நோக்கினார். எழுத்துப் பிழையைக் கண்ட இடத்தில் அவருடைய கண் அப்படித்தான் நிற்கும்.

*

கிடங்கு, கவுண்டருக்குப் பின்சுவரின் மறுபக்கம். நான்கு அங்குலச் செங்கற்சுவர். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே ஒரு முக்காலியில் கிடங்குக்காரர் அமர்ந்திருந்தார். மெலிந்த உருவம், இடுப்புச் சாவியைக் கழற்றி வாங்கிவிட்டபடியால், கை அடிக்கடி அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு தாள். “எடுத்தேன்” என்று எழுதி அடித்திருந்தார். கீழே மறுபடியும் “எடுத்தேன்” என்று எழுதி மறுபடியும் அடித்திருந்தார்.

“ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் அடிச்சிருக்கீங்க,” என்றார் மெய்ப்பாளர்.

“எடுத்தேன்னு எழுதிக் குடுத்துட்டா போலீஸ் வேணாம், வேலையை விட்டு அனுப்பறதோட விட்டுடறேன்னு மேலாளர் சொல்றார். எடுக்கலைன்னு எழுதினா அதைப் படிக்க ஆள் இல்லை.” அவர் தலை நிமிர்ந்தார். “வெளியில அந்தம்மா உக்காந்திருக்காங்களா?”

“இருக்காங்க.”

“ஒத்தக் கால எடுத்துட்டுப் போய் நான் என்னம்மா பண்ணுவேன்?”

மெய்ப்பாளர் பதிவேட்டுத் தாளைப் பிரித்தார். “ஒரு வரி படிக்கிறேன், கேளுங்க. நேற்று, ஒன்பது பதினெட்டு. செயற்கைக் கால், வலது. ஒதுக்கப்பட்டது.”

கிடங்குக்காரர் எழுந்துவிட்டார். முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஒதுக்கிட்டாங்களா?”

“ஆமா. அதனாலதானே உங்க தட்டுல...”

“ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சும் யாரும்மா ஒதுக்கச் சொன்னது? எடுத்து வெக்கச் சொன்னாங்கன்னுல்ல நான் நினைச்சேன். ஒதுக்கிட்டா அது போச்சு.”

“இருங்க,” என்றான் விசில். “ஒதுக்கறதுன்னா எடுத்து வெக்கறதுதானே? எனக்கு ஒரு சீட்டு ஒதுக்குன்னா எடுத்து வெப்பாங்களா, வெளிய தள்ளுவாங்களா?”

“பஸ்ல அப்படி இருக்கலாம். கிடங்குல இருபத்தாறு வருஷமா ஒதுக்குன்னா கழிச்சுக் கட்டுன்னு அர்த்தம். ஓட்டை உடைசல், கேக்க ஆளில்லாதது, அதையெல்லாம் ஒதுக்குவோம். அது இடப்பக்க வாசல் வழியா அந்த அறைக்குப் போய் மூட்டையாகும். அப்புறம் லாரி. அப்புறம் நொறுக்குற மில்லு. எங்க தட்டுக்கு வர்றது வலப்பக்கம். அதுக்கு வேற கருவி இருக்கு, ‘பெயர் பதி’ன்னு.”

மெய்ப்பாளர் இரண்டாவது தாளில் விரலை ஓட்டினார். பெயர் பதி: பெயரைப் பதியும். அவ்வளவே. பதிவேட்டில் தேடினார். மூன்று மாதங்களாகச் சரிங்க அந்தக் கருவியைக் கொண்டு, கவுண்டருக்கு வந்து சென்றவர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தது.

“அந்த மூட்டை அறையை யாரும் திறந்து பார்க்கலையா?”

“சாவி லாரிக்காரர்கிட்ட. கழிச்ச பொருளை நாங்க திரும்ப எடுத்துடக்கூடாதுன்னு விதி. தொண்ணூறு நாள் ஆனதை மாசம் ஒருக்கா கையால வாசலுக்குள்ள தள்ளறதோட என் வேலை சரி. உள்ள எட்டிப் பார்க்க வழியில்லை.”

ஒரே கட்டடம், நடுவே நான்கு அங்குலச் சுவர், ஒரே சொல். சுவருக்கு அந்தப் பக்கம் அது உரிமை. இந்தப் பக்கம் அது குப்பை. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அந்தச் சொல்லை ஒன்றாக உட்கார்ந்து ஒருநாளும் படித்ததில்லை.

“இந்த விளக்கங்களை எழுதினது யாரு?” என்று மெய்ப்பாளர் கேட்டார்.

கிடங்குக்காரர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“நான்,” என்றார்.

காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தான்.

“மெஷின் வெச்சப்ப, கிடங்கு வேலை தெரிஞ்சவர் நீங்கதான், பதினோரு கருவிக்கும் ஒரு வரி எழுதிக் குடுங்கன்னாங்க. சாப்பாட்டு நேரத்துல எழுதிக் குடுத்தேன். ஒதுக்கு, பொருளை ஒதுக்கும். இதுல விளக்க என்ன இருக்குன்னு நினைச்சேன். அந்தப் பொம்மை... ஒரு அப்பா மூணு தடவை வந்து கேட்டார்மா. மூணு தடவையும் நான் சாவியோட போய்த் தட்டைத் திறந்து காட்டினேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சதை உங்களுக்கே எழுதியிருக்கீங்க,” என்றார் மெய்ப்பாளர். அந்தக் குரலில் கடுமை இல்லை. “படிச்சது உங்க கிடங்குல ஒருநாள்கூட நிக்காத ஒண்ணு. லாரி எப்ப வரும்?”

“ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. வியாழன், ரெண்டரை.”

எவரும் அன்றைய கிழமையைக் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பத்தொன்று காட்டியது. மெய்ப்பாளர் சென்று சன்னலைத் திறந்தார். பின்வாசலில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் மட்டும் இருந்தன.

“எந்த மூட்டைன்னு எப்படித் தெரியும்?”

“இன்னும் ரெண்டு ஆபீஸ் மூட்டையும் அதுலதான் இருக்கும். நம்மளுது நீலக் கயிறு.”

*

ஓட்டுநரின் எண்ணுக்கு மேலாளர் ஏழு முறை அழைத்தார். மணி அடித்தது, எடுப்பாரில்லை.

“மில்லு ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம்,” என்றான் விசில் ஸ்கூட்டரை உதைத்தபடி. “நாலு மணி வரைக்கும் கடைத்தெருவுல லாரிய விட மாட்டாங்க. சுத்துப்பாதையிலதான் போகணும். நான் பஸ் ஸ்டாண்டுக்குள்ள புகுந்து வரேன். கண்ணை மூடிக்குங்க அண்ணி.”

“கண்ணை மூடினா உன்னை யார் பார்க்கறது? ஓட்டு.”

பேருந்து நிலையத்தின் உள்வாசல் வழியாகப் புகுந்து, இரண்டு பேருந்துகளின் இடைவெளியில் நுழைந்து, ஒரு பழ வண்டிக்காரரின் ஏச்சைப் பெற்றுக்கொண்டு, ஸ்கூட்டர் சுற்றுப்பாதையை அடைந்தபோது மணி மூன்று ஆறு. பாலத்துக்குச் சற்று முன்னே, தார்ப்பாய் போர்த்த லாரி ஒன்று சென்றுகொண்டிருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் நீலக் கயிறு ஒன்று காற்றில் ஆடியது.

விசில் ஹாரன் அடித்தான். அந்தச் சாலையில் ஹாரன் அடிக்காத வண்டியே இல்லை. மெய்ப்பாளர் கையை ஆட்டினார். லாரியின் பக்கக் கண்ணாடி உடைந்து, இருந்த இடத்தில் வெறும் சட்டம். பாலத்தின் ஏற்றத்தில் ஸ்கூட்டர் திணறியது, இடைவெளி பெருகியது. பாலத்தைக் கடந்தால் மில்லின் கதவு. கதவுக்குள் புகுந்த லாரி, நேரே சென்று நொறுக்கும் பொறியின் வாயில் மூட்டைகளைக் கவிழ்க்கும்.

“விசில்,” என்றார் மெய்ப்பாளர்.

“என்ன அண்ணி?”

“கழுத்துல எதுக்குத் தொங்க விட்டிருக்க?”

அவன் ஒரு கையால் அதனை எடுத்து வாயில் வைத்தான். நீளமாக ஒரே ஓர் ஊதல்.

லாரி நின்றது. பாலத்தின் நடுவே, சாலையின் நடுவே, பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அலற, நின்றேவிட்டது. கதவைத் திறந்து இறங்கிய ஓட்டுநர் தாமே வியப்புடன் தம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாருய்யா ஊதினது? பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒத்த விசில் கேட்டா கால் தானா பிரேக்குக்குப் போகுது.”

“ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போ,” என்றான் விசில். “மூணாவது அர்த்தம் கிடையாது.”

நாற்பது மூட்டைகள். நீலக் கயிறு கட்டியவை ஒன்பது. மெய்ப்பாளர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒற்றைச் செருப்புகள், மூடியில்லாத டப்பாக்கள், நனைந்து உலர்ந்த புத்தகங்கள். ஆறாவது மூட்டையின் அடியில் ஒரு துணிப்பை கிடைத்தது. அதன் வாயை மூடியிருந்த தையலில் ஓர் இழைகூடப் பிசகவில்லை. உள்ளே, புதுக் காலணி மாட்டிய ஒரு கால்.

மீதி மூன்று மூட்டைகளையும் அவர் பிரித்துப் பார்த்தார். பல் செட்டும் இல்லை, பொம்மையும் இல்லை. அவையெல்லாம் முந்தைய வியாழன்களில் சென்றுவிட்டன.

*

மணி மூன்று நாற்பது. தையற்காரப் பெண் கவுண்டரின் முன்னே எழுந்து நின்றார். காலை வாங்க இரு கைகளையும் நீட்டினார்.

மேலாளருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. “ஒரு கையெழுத்து, ஒரே ஒரு ரசீது, அவ்வளவுதாம்மா,” என்று காலைத் தாமே வாங்கிப் பெல்ட்டின் மேல் வைத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்துக்காக மேசையறையைத் திறந்தார். திறந்துகொண்டே, மூன்று மாதப் பழக்கத்தில், துளையின் பக்கம் திரும்பிக் கூறினார்:

“இந்தக் காலை அந்தம்மாவுக்கு ஒதுக்கு.”

“சரிங்க.”

பெல்ட் ஓடிற்று. கால், இடப்பக்கமாக, தன் போக்கில் நடப்பது போலச் சென்றது. அந்த வாசலுக்கு அப்பால் இருந்த அறைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் சாவி வரும். தையற்காரப் பெண் கண்ணாடியின் மேல் கையை வைத்து அழுத்தினார், அதனைத் தள்ளிவிடலாம் என்பது போல. விசில் வாயில் விசிலை வைத்து ஊதினான். பெல்ட்டுக்கு அது புரியவில்லை.

கிடங்கு வாசலிலிருந்து காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த கிடங்குக்காரர், உள்ளங்கையால் சிவப்புப் பொத்தானை அறைந்தார்.

பெல்ட் நின்றது. இரப்பர்த் திரைக்கு வெளியே காலில் ஒரு சாண் மட்டும் தெரிந்தது.

மேலாளர் ரசீதுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “தெரிஞ்சேதான் சொன்னேன்,” என்றார் பின்னர், தமக்குத் தாமே கூறிக்கொள்பவர் போல. “இப்பதானே எல்லாம் கேட்டேன். இருந்தும் வாயில வந்துடுச்சு.”

“உங்க வாயை மாத்த முடியாது,” என்றார் மெய்ப்பாளர். “அந்த வரியை மாத்தலாம்.” அவர் காலை எடுத்து, தம் கையாலேயே தையற்காரப் பெண்ணிடம் கொடுத்தார். பின்னர்க் கிடங்குக்காரருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. இப்ப எழுதுங்க.”

ஒரு பக்கம் கணவர் கால் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் கிடங்குக்காரர் கவுண்டர்க் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். முதலில் பெயர்களையே மாற்றினார்: ‘பெயர் பதி’ என்பது ‘உரியவருக்கு வை’ ஆயிற்று, ‘ஒதுக்கு’ என்பது ‘அழிக்க அனுப்பு’ ஆயிற்று. ‘அழிக்க அனுப்பு’ என்பதன் கீழே இவ்வாறு எழுதினார்:

இந்தக் கருவி பொருளை இடப்பக்க வாசல் வழியாக அழிவு அறைக்கு அனுப்பும். அனுப்பிய பொருளைத் திரும்பப் பெற முடியாது. தொண்ணூறு நாள் கடந்தும் எவரும் கேட்காத பொருளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்து. ஒருவர் கேட்ட பொருளுக்குப் பயன்படுத்தாதே. அது பொம்மையாக இருந்தாலும். கேட்ட பொருளுக்கு உரியது ‘உரியவருக்கு வை’ என்னும் கருவி. அது வலப்பக்கத் தட்டுக்கு அனுப்பும். ‘ஒதுக்கு’ என்று எவரேனும் சொன்னால் எந்தக் கருவியையும் இயக்காதே; கேள்.

மெய்ப்பாளர் தோளுக்கு மேலாகப் படித்தார். சிவப்புப் பென்சிலால் கணினித் திரையின் மேல் ஓரிடத்தைத் தொட்டார். “கேள்னா, யாரை?”

கிடங்குக்காரர் சேர்த்தார்: கவுண்டரில் இருப்பவரைக் கேள்.

“‘அது பொம்மையாக இருந்தாலும்’ வேணுமா?”

“இருக்கட்டும்மா,” என்றார் அவர். மெய்ப்பாளர் அதனைத் திருத்தவில்லை.

நான்கு மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். “திருடன் எங்க?”

மெய்ப்பாளர் பழைய அச்சுத் தாளில் ஒரு வரியைச் சிவப்பால் வட்டமிட்டு நீட்டினார். போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொருளை ஒதுக்கும். இதுல என்ன தப்பு?”

“எங்களுக்கும் காலையில அப்படித்தான் இருந்துச்சு,” என்றான் விசில். அதற்குள் அவன் சக்கர நாற்காலியை மடித்து ஒரு கையில் தூக்கியிருந்தான். தையற்காரப் பெண் முன்னே செல்ல, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கணவர் ஓர் அடி வைத்தார். நின்றார். மற்றோர் அடி வைத்தார். வாசற்படியில் தோளை விட்டுவிட்டார். தெருவில் ஆட்டோ உறுமியது.

கிடங்குக்காரருக்கு மேலாளர் சாவிக் கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை. கிடங்குக்காரர் அதனை இடுப்பில் செருகிக்கொள்ளாமல், பெல்ட்டின் நடுவில் வைத்தார்.

“சொல்லுங்க சார்.”

“இப்பவா? சாவியை வெச்சா?”

“என் பொருளை வெச்சுத்தான் பார்க்கணும்.”

மேலாளர் துளையின் பக்கம் குனிந்தார். “ஒதுக்கு.”

பெல்ட் அசையவில்லை. அந்த அலுவலகத்தில் முதன்முறையாக அது “சரிங்க” என்று கூறவில்லை.

“இந்தச் சாவியைக் கேட்டவர் இருக்கிறாரா?” என்று கேட்டது. “இருந்தால் வலப்பக்கத் தட்டில் அவர் பெயரில் வைக்கிறேன். இல்லையென்றால் தொண்ணூறு நாள் கழிந்தபின் அது அழிவு அறைக்குப் போகும், திரும்பாது.”

கிடங்குக்காரரின் கை, வெறும் இடுப்பில் சற்று நேரம் இருந்தது.

“கேட்டவன் இருக்கேன்,” என்றார்.

பெல்ட் வலப்பக்கமாக நகர்ந்தது. வெளியே தெருவில், ஆட்டோவின் பின்னிருக்கையிலிருந்து, இரண்டு குறுகிய விசில்கள் கேட்டன.